கெதியும் மினக்கேடும்

போன கிழமை மூன்று பேர் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரே வீடியோவை அனுப்பியிருந்தார்கள். ஒருவர் ஊரில் என்னோடு ஒன்றாய்ப் படித்தவர், இப்போது ரூட்டிங்கில் இருக்கிறார். மற்றவர் கோயிலில் பழக்கமானவர். மூன்றாவது ஆள் என் தங்கச்சியின் மகன். ரெரி பறோஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடி துடைக்கிற வீடியோ அது. 2009 ஒக்ரோபர் 9ஆம் திகதி பேமிங்ஹாமில் உள்ள தேசியக் கண்காட்சி நிலையத்தில் மூன்று கண்ணாடிகளை 9.14 செக்கனில் துடைத்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய மனிதர். ஒவ்வொரு கண்ணாடியும் 45 அங்குல நீளம், 45 அங்குல அகலம். கையில் ஒரு அடிக்கு மட்டுமட்டான ஸ்குவீஜி, வாளியில் 9 லீற்றர் தண்ணீர். மருமகன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தான்: "பார்த்தீங்களா மாமா, இதுதான் ஸ்பீட்."

பார்த்தேன். நல்ல கை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த மண்டபத்துக்குள் மழை இல்லை, வெயில் இல்லை. மூன்று கண்ணாடியும் ஒரே சட்டத்தில் பக்கம் பக்கமாய், ஏணி இல்லாமல் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கின்றன. உள்ளே கொளுக்கி போட்ட பக்கக் கேற் இல்லை. நாய் இல்லை. யன்னலுக்குக் கீழே ரோசாச் செடி இல்லை. "காசை அடுத்தமுறை சேர்த்துத் தரட்டுமா?" என்று கேட்கிற ஆளும் இல்லை. அங்கேயும்கூடக் கண்ணாடியில் கோடோ திட்டோ விட்டால் நேரத்தைக் கூட்டித் தண்டிப்பார்கள். அந்த ஒன்றை மட்டும் மருமகன் கவனிக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். லண்டனுக்கு வந்து முதல் ஐந்து வருடம் பெற்றோல் செற்றில் இரவு வேலை. 1991 தொடக்கம் 2016 வரை, இருபத்தைந்து வருடம், ஹரோ, றெயினர்ஸ் லேன், கென்டன் பக்கங்களில் வீடு வீடாய் யன்னல் துடைத்துப் பிழைத்தேன். யாரிடமும் சம்பளம் வாங்காத சொந்தத் தொழில். கலியாண வீடுகளில் என் மனைவி இதை 'பிஸ்னஸ்' என்று சொல்லுவா. நான் 'யன்னல் துடைக்கிறன்' என்பேன். அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்தவர் மற்றப் பக்கத்து ஆளோடு கதைக்கத் தொடங்கிவிடுவார்.

இப்போது மருமகனும் அதே தொழிலுக்கு வந்திருக்கிறான். ஓரிரு மாதத்துக்கு முன்னர் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் விழாவில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நான் ஒரு நாளைக்கு இருபத்தெட்டு வீடு செய்யிறன். நீங்கள் எத்தினை செய்தனீங்கள்?"

"பதினாலு, பதினைஞ்சு."

"அப்ப நான் டபிள்."

"எத்தினை மணிக்கு வீட்ட போறாய்?"

பதில் சொல்லாமல் றோல்ஸை எடுத்துக் கடித்தான். அவன் மனைவிதான் சொன்னா: "எட்டு மணிக்கு, மாமா. சில நாளில ஒன்பது."

இதைப் பற்றி நான் பேசக்கூடாது என்று தங்கச்சி கட்டளை போட்டிருக்கிறாள். "அண்ணை, நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. பெடியன் உழைச்சுத் தன்ர குடும்பத்தைப் பார்க்கிறான்." சரி. வாயைத் திறக்கவில்லை. எழுதுகிறேன்.

இந்தியத் தமிழ் நண்பர்கள் சிலரும் இதை வாசிப்பதால் இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். கெதி என்றால் வேகம். மினக்கேடு என்றால் வேலைக்கு உதவாமல் வீணாய்க் கழிகிற நேரம். எங்கள் ஊர்க் கிழவிகள் "கெதியாச் செய்" என்று ஒருதரம் சொன்னால் "மினக்கெடாதை" என்று பத்துத்தரம் சொல்லுவார்கள். இரண்டும் ஒன்றென்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவை வேறுவேறு என்பது எனக்கு விளங்கியது 1993இல்.

நான் இந்தத் தொழிலை வாங்கியது ஒரு ஐரிஷ் கிழவனாரிடம். இங்கே இந்தத் தொழிலில் 'ரவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது. இன்னின்ன வீடுகள், இத்தனை கிழமைக்கு ஒருதரம், இன்ன விலை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலையே காசுக்கு விற்பார்கள், வாங்குவார்கள். ஸ்கொட்லாந்தில் யன்னல் துடைக்க லைசன்ஸ் எடுக்கவேண்டும், இங்கிலாந்தில் வேண்டாம். வாளியும் ஏணியும் பட்டியலும் இருந்தால் போதும். கிழவனாரின் பட்டியல் சிறியது. நான்கு தெருக்கள்தான். 1930களில் மெற்றோப்பொலிற்றன் ரெயில் பாதையை ஒட்டிக் கட்டிய சோடி வீடுகள், முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் வளைந்த யன்னல்கள், மேலே ஈயக்கம்பி போட்ட சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒரு கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மெல்ல நடப்பார், மெல்லத் துடைப்பார். பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். வயது போன ஆள், உடம்பு ஏலாது என்று நான் மனதுக்குள் இரக்கப்பட்டேன்.

பட்டியல் என் கைக்கு வந்த உடனே அதைப் 'பெருப்பிக்க' வெளிக்கிட்டேன். வெம்பிளியில் யாரோ கேட்டார், ஓம் என்றேன். ஹேய்ஸில் ஒரு வீடு, வற்ஃபோட்டில் இரண்டு வீடு, எட்ஜ்வெயாரில் ஒரு கடை. யாருக்கும் இல்லை என்று சொன்னதே இல்லை. கை வேகமாய் ஓடியது. வீட்டுக்கு வர இருட்டியது. காசு கூடியதோ என்றால், பெற்றோல் குடித்ததுபோக ஏதோ கொஞ்சம்.

கிளாக்கர் புத்தி விடுமா? ஒரு சீ.ஆர். கொப்பியைத் திறந்து ஒரு கிழமைக்கு நிமிடக் கணக்கு எழுதினேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, வானின் ஸ்ரியறிங்கில் கொப்பியை வைத்து எழுதியது. அந்தக் கொப்பி இன்றும் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமைக் கணக்கை அப்படியே தருகிறேன். காலை 7.40க்கு வெளிக்கிட்டு மாலை 5.10க்கு வீடு வந்திருக்கிறேன், 570 நிமிடம். வீடுகள் 14. கை கண்ணாடியில் இருந்தது 140 நிமிடம். ஏணி தூக்கியது, நிறுத்தியது, நகர்த்தியது 98. வான் ஓடியது, நிற்பாட்ட இடம் தேடியது 110. தண்ணீர் எடுத்தது, கழுவியது 40. பெல் அடித்து நின்றது, காசு கேட்டது, கதைத்தது 85. பக்கக் கேற் பூட்டியிருந்து திரும்பிப் போய் மறுபடி வந்தது 62. சாப்பாடு, தேத்தண்ணி 35.

இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஒன்பதரை மணித்தியாலம் 'யன்னல் துடைத்த' மனிதன் கண்ணாடியில் கைவைத்தது இரண்டு மணி இருபது நிமிடம்! கையின் வேகத்தை என்னால் ஏற்ற முடிந்தால்கூட எவ்வளவு ஏற்றலாம்? உயிரைக் கொடுத்துத் துடைக்கிற நேரத்தில் கால்வாசியைக் குறைத்தேன் என்று வையுங்கள். மிச்சம் பிடிப்பது 35 நிமிடம். ஒரு சாப்பாட்டு நேரம். மற்றதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே கிடக்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலைகள்தான். கென்டனில் எனக்கு ஐந்து வீடு, அந்தப் பக்கத்தில் தொழில் செய்த ஒரு வெள்ளைக்காரனுக்கு என் தெருக்களில் நான்கு வீடு. ஒரு நாள் அவனை மறித்து மாற்றிக்கொண்டோம். ஒரு வீடு எனக்கு நட்டம், ஆனால் வான் ஓட்டம் இல்லை. வற்ஃபோட், ஹேய்ஸ் எல்லாவற்றையும் கைகூப்பி விட்டேன். முதல் கிழமையே "வருகிற செவ்வாய் வருவேன், பக்கக் கேற் கொளுக்கியை எடுத்துவிடுங்கள், காசை உறையில் போட்டு பூந்தொட்டிக்குக் கீழே வையுங்கள்" என்று துண்டு அச்சடித்துக் கதவுக்குள்ளால் போட்டேன். பிறகு செக் தபாலில் வந்தது, இன்னும் பிறகு வங்கிக்கு நேரே வந்தது. நான்கு மாதம் கழித்து அதே கொப்பியில் இன்னொரு செவ்வாய். அதே 14 வீடு. வான் ஓட்டம் 30 நிமிடம், காசும் கதையும் 25, கேற் 10. மூன்று மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும் என் கையில் மிச்சம். கை பழைய கைதான்.

பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் ஐரிஷ் கிழவனார் ஞாபகத்துக்கு வந்தார். அவர் எனக்கு விற்றது வீடுகளின் பட்டியல் இல்லை. நெருக்கமான நான்கு தெருக்களை விற்றிருக்கிறார். அதை நான்தான் வற்ஃபோட் வரை இழுத்து நாசமாக்கினேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் என்னோடு கோபிக்கப் போகிறீர்கள். பரவாயில்லை, எழுபது தாண்டிய பிறகு யாருக்குப் பயம்? என் தொழிலின் மினக்கேட்டில் பெரும்பங்கு எங்கட ஆக்கள்தான். வெள்ளைக்காரர், குஜராத்திகள், யூதர்கள் எல்லாருக்கும் துடைத்திருக்கிறேன். அவர்கள் விலையைக் கேட்பார்கள், சரி என்பார்கள் அல்லது வேண்டாம் என்பார்கள். எங்கட ஆள் போன் அடித்தால் எப்படி என்றால்: "அண்ணை, சனிக்கிழமை மகளுக்குச் சாமத்தியவீடு. வெள்ளிக்கிழமை ஒருக்கா வந்து துடைச்சு விடுங்கோவன்." வீடு எங்கே? ஈஸ்ற் ஹாம். ஹரோவிலிருந்து லண்டனின் மற்றத் தொங்கல்! போனால் முதலில் தேத்தண்ணி, வடை. "அண்ணை எவடம்?" என்று ஊர் விசாரணை. அதிலிருந்து பெரியம்மாவின் மகன் யாரைக் கட்டினார் என்பது வரை அரை மணித்தியாலம். வேலை முடிந்த பிறகு, "நாலு யன்னல்தானே, அஞ்சு பவுண் காணாதே?" எண்ணிப் பார்த்தால் பதினொரு யன்னல். அதுவும் வருடத்தில் ஒருநாள் வேலை, அடுத்த சாமத்தியவீடு வரை கண்ணாடி தொடப்படாது. ஆறேழு மாத ஊத்தையைக் கழுவ எடுக்கிற நேரத்தில் ஆறு கிழமைக்கு ஒருதரம் துடைக்கிற வீடுகள் மூன்றை முடித்துவிடலாம்.

இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை மறுத்தேன். 'தலைக்கனம் பிடித்த ஆள்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்த நேரத்தை ஸ்குவீஜி தந்ததில்லை. என் நான்கு தெருக்களில் நான்கு தமிழ் வீடுகளும் இருந்தன. மற்றவர்களின் அதே விலை, அதே உறை, அதே பூந்தொட்டி. அந்த நான்கு குடும்பமும் கடைசி வரை இருந்தார்கள், அவர்களுக்கு என் நன்றி.

அதற்காகக் கதைப்பதெல்லாம் மினக்கேடு என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் தெருவில் ஒரு ஆங்கிலேய அம்மா தனியே இருந்தா. போகும்போதெல்லாம் பத்து நிமிடம் கதைப்பா. எல்லாம் புருசன் இருந்த காலத்துக் கதைகள், ஐந்து கதைதான், சுற்றிச் சுற்றி வரும். கொப்பியில் அந்தப் பத்து நிமிடத்தை நான் 'வேலை' என்ற நிரலில்தான் எழுதினேன். இதில் என் நல்ல மனசு ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் ஏழு வீடுகளை எனக்குப் பிடித்துத் தந்தது அந்த அம்மாவின் வாய். எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரிய மணிக்கூடு மட்டும் போதாது.

சரி, கைவேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று மருமகன் கேட்பான். சொல்கிறேன், அதிலும் விசயம் இருக்கிறது. இன்று நாங்கள் பிடிக்கிற ஸ்குவீஜி, கலிபோர்னியாவில் ஒக்லண்ட் நகரில் இருந்த எற்ரோரே ஸ்ரெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி 1936இல் காப்புரிமை எடுத்தது. அதற்கு முன்னர் இருந்தவை பாரமானவை, றப்பரை மாற்ற ஒரு கை நிறைய ஆணி கழற்றவேண்டும். இவர் ஒற்றை றப்பர், லேசான பித்தளை என்று மாற்றினார். இன்றுவரை அந்த அமைப்பைப் பெரிதாய் மாற்ற யாருக்கும் தேவை வரவில்லை. நான் முதல் வருடம் மேலிருந்து கீழே நேராய் இழுத்து, ஒவ்வொரு இழுவைக்கும் றப்பரைத் துடைத்து, மறுபடி இழுத்தேன். பிறகு கண்ணாடியை விட்டுக் கையை எடுக்காமல் பாம்பு நெளிகிற மாதிரி இடமும் வலமுமாய் ஒரே இழுவையில் இறங்கப் பழகினேன். நேரம் பாதியானது. ஆனால் அந்தப் பாதி இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் என் கை ஒரு செக்கன்கூடக் கெதியாகவில்லை.

கெதியாகாத கையை மினக்கெடுத்தாமல் வைத்திருக்கலாம். றப்பர் நுனியில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் கண்ணாடி முழுக்க ஒரு கோடு விழும். அதைத் துணியால் துடைக்கத் துடைக்க நேரம் போகும். ஆகவே நுனி மழுங்க முதலே றப்பரைத் திருப்பிப் போடு, மற்றப் பக்கமும் மழுங்கினால் எறி. அதில் சதம் பார்க்கிறவன் நாள் முழுக்கத் துணியோடு நிற்பான். யூலை மாதத்தில் வெயில் நேரே விழுகிற கண்ணாடியில் சவர்க்காரத் தண்ணீர் றப்பர் வருமுன்னரே காய்ந்துவிடும், இரண்டுதரம் துடைக்கவேண்டும். காலையில் மேற்குப் பக்கத்தைச் செய், மத்தியானம் கழிந்து கிழக்குப் பக்கத்துக்கு வா. சூரியனுக்கு முதுகு காட்டியே ஒரு நாள் வேலையை முடிக்கலாம். மேல் யன்னலை முதல், கீழ் யன்னலைப் பிறகு. தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மற்றப் பக்கம். ஈயக்கம்பிக் கண்ணாடிக்கு ஸ்குவீஜி உதவாது, ஒவ்வொரு சின்னக் கட்டமாய்த் துணியால்தான். அதை வேகமாய்ச் செய்ய முயலாமல் விலையைக் கூட்டிக் கேள். கேட்டால் தருவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2003 நவம்பரில் விழுந்தேன்.

பின்பக்கத்து மேல் படுக்கையறை யன்னல். கீழே மரப்பலகை போட்ட முற்றம், அதில் ஈர இலைகள். ஏணியை ஒரு அடி வலப்பக்கமாய் வைத்திருக்கவேண்டும். ஏணியில் நிற்பவனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: இடுப்புப் பட்டியின் கொக்கி எப்போதும் ஏணியின் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இருக்கவேண்டும். கொக்கி வெளியே போனால் நீயும் வெளியே போவாய். எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாய்த் தெரியும். அன்று கடைசிக்கு முதல் வீடு, மழை இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏற நாற்பது செக்கன் எடுக்கும். ஒரு மூலைதானே என்று எட்டினேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவில்லை. நன்றாய் ஓடிக்கொண்டிருந்த நாள், கை சூடாய் இருந்தது, அதுதான் பிழை. குதிக்கால் எலும்பு உடைந்தது, இடது மணிக்கட்டு உடைந்தது. பதினான்கு கிழமை வேலை இல்லை. சுகயீன லீவுக்குச் சம்பளம் தர எனக்கு முதலாளி இல்லை. மூன்றில் ஒரு பங்கு வீடுகள் வேறு ஆளிடம் போய்விட்டன, அவர்களைக் குறை சொல்லமுடியாது, யன்னல் ஊத்தையாய்க் கிடக்க முடியுமா? மனைவி பள்ளிக்கூடக் கன்ரீனில் மேலதிக நேரம் எடுத்தா. கட்டிலில் கிடந்து மறுபடி சீ.ஆர். கொப்பியைத் திறந்தேன். பதினான்கு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம். மொத்தம் 560 மணித்தியாலம். நாற்பது செக்கன் வீதம் அந்த நேரத்தில் ஏணியை 50,400 தரம் நகர்த்தி வைத்திருக்கலாம். ஒரு நாளைக்கு எண்பத்து நான்கு தரம் நகர்த்தினால்கூட 600 வேலை நாட்களுக்குக் காணும். ஒரு மூலைக்காக இரண்டு வருடத்து ஏணி நகர்த்தலைக் கொடுத்துவிட்டுக் கிடந்தேன்.

2005இல் உயரத்தில் வேலை செய்வது பற்றிய புதிய விதிகள் வந்தன. ஏணியைத் தடைசெய்துவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் கதை பரப்பினார்கள். அப்படி இல்லை. ஏறாமல் செய்ய வழி இருந்தால் ஏறாதே, ஏறத்தான் வேண்டுமென்றால் யோசித்து ஏறு என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருடம் நானும் நீண்ட தடிக்கு மாறினேன். தரையில் நின்றபடி கார்பன் தடியின் நுனியில் பிரஷ், அதற்குள்ளால் தண்ணீர். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். என் வீட்டுக் குழாயில் மானி 300ஐத் தாண்டிக் காட்டும். அதை வடிகட்டி, பிசின் நிரப்பிய குழாய்க்குள்ளால் விட்டுப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால், கண்ணாடியில் அடித்துவிட்டுத் துடைக்காமலே போகலாம். காய்ந்தால் புள்ளி விழாது.

மருமகனின் இருபத்தெட்டு வீடு இந்தத் தடியால் வருவது. தடியை நான் குறை சொல்லவில்லை, என் குதிக்காலைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் தண்ணீர் நன்றாய் இருந்தாலும் கடைசியாய் ஒருதரம் மேலிருந்து ஊற்றி அலசவேண்டும். யன்னல் சட்டத்தின் மேலுள்ள காற்றுத் துவாரங்களிலிருந்து ஊத்தைத் தண்ணீர் மெல்ல வடியும், அது நிற்கும் வரை காத்திருந்து அலசவேண்டும். அங்கேதான் அவன் ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கிறான். விளைவு, ஒரு நாளைக்கு இரண்டு பேராவது போன் அடித்துப் புள்ளி என்கிறார்கள். திரும்பிப் போகிறான்.

"அந்த இரண்டையும் இருபத்தெட்டில கழிச்சனியோ?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"அது கணக்கில்லை மாமா. அது காசில்லாத வேலைதானே."

கிளாக்கருக்கு இதைவிட நெஞ்சுவலி வேறு வேண்டுமா?

இதையெல்லாம்கூட நான் விட்டுவிடுவேன். பெடியன் அடிபட்டுப் பழகட்டும், நானும் அப்படித்தான் பழகினேன். விடமுடியாதது வானுக்குள் இருக்கிற தண்ணீர்த் தாங்கி. 500 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அதாவது அரைத் தொன் பாரம் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, வானின் அடித்தட்டுக்குள்ளால் ஆணி போட்டு, கீழே தகடு வைத்து முறுக்கவேண்டும். அவன் இரண்டு துணிப் பட்டியால் பலகையோடு கட்டி வைத்திருக்கிறான். முப்பது மைலில் போகும்போது ஒரு பிள்ளை தெருவுக்குள் ஓடிவந்தால் பிரேக் வானைத்தான் நிற்பாட்டும். தண்ணீருக்கு பிரேக் இல்லை. பாதி நிரம்பிய தாங்கி என்றால் அலையாய் வந்து மோதும். ஏன் இன்னும் சரியாய்ப் பூட்டவில்லை என்று கேட்டதற்கு, வானைக் கராஜில் இரண்டு நாள் விடவேண்டும், இரண்டு நாள் என்றால் ஐம்பத்தாறு வீடு என்றான். அதே வானின் முன்சீற்றில்தான் ஒவ்வொரு நாள் காலையும் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போகிறான். அவளுக்கு ஆறு வயது.

மருமகன் இதை வாசிக்கமாட்டான். தமிழ் கதைப்பான், எழுத்துத் தெரியாது. அதனால்தான் தாயிடம் எழுதிக் கொடுக்கிறேன். தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது இதை அவனுக்கு வாசித்துக் காட்டு. சாமத்தியவீட்டுக் கதையை வேண்டுமென்றால் விட்டுவிடு, அது உன்ர மச்சாள்மாரைப் பற்றியது. தாங்கிப் பந்தியை மட்டும் இரண்டு தரம் வாசி. அவனுடைய வான் கராஜில் நிற்கிற இரண்டு நாளும் என்னுடைய பழைய வான் சும்மாதான் நிற்கிறது, திறப்பு வாசல் கொளுக்கியில் தொங்குகிறது. வாளியும் ஸ்குவீஜியும் உள்ளே இருக்கு. றப்பர் புதுசு.